சூரியன் மறைவதற்குள் கட்டு!

'பீகார்னாலே இப்படித்தாங்க' என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால், அவரை உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அசோகச் சக்கரவர்த்தி ஆண்டது இன்றைய பாட்னாவான பாடலிபுத்திரத்தில் இருந்துதான். வெளிநாட்டு மாணவர்கள் தேடிவந்த நாளந்தா இருந்ததும் அங்கேதான். கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண் வேறு! அப்படிப்பட்ட ஊருக்கு என்ன ஆச்சு?

நிதி ஆயோக் 2023-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. வருமானத்தைப் பார்க்காமல் படிப்பு, சத்துணவு, கழிப்பறை, குடிநீர் எல்லாவற்றையும் வைத்துப் போட்ட வறுமைக் கணக்கு. 2019-21 நிலவரப்படி கேரளாவில் ஏழைகள் 0.55 சதவிகிதம். தமிழ்நாட்டில் 2.20. பீகாரில் 33.76! மூன்று பேரில் ஒருவர். ஒரே நாடு, ஒரே ரூபாய்... எப்படி இந்த வித்தியாசம்?

சோம்பேறித்தனமா? சென்னை வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் கம்பி கட்டும் பீகார் இளைஞரைப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். விஷயம் வேறு. எங்கேயோ உட்கார்ந்து யாரோ எழுதிய கணக்கு அது.

முதல் கணக்கு, 1793. எழுதியவர் காரன்வாலிஸ் பிரபு. வங்காளம், பீகார், ஒரிசாவில் வரி வசூலை ஜமீன்தார்களிடம் ஒப்படைத்தார். பதினொரு பங்கில் பத்து கம்பெனிக்கு, ஒன்று ஜமீன்தாருக்கு. தொகை எந்தக் காலத்திலும் மாறாது. ஆனால், கெடு நாளில் சூரியன் மறைவதற்குள் பணம் வந்தாக வேண்டும். வரவில்லையா? ஜமீன் ஏலம்!

கம்பெனிக்குக் கட்டவேண்டியது நிரந்தரம். விவசாயியிடம் எவ்வளவு கறக்கலாம் என்பதற்குத்தான் உருப்படியான கட்டுப்பாடு இல்லை. விளைச்சல் கூடினால் குத்தகை கூடும் என்றால், எந்த விவசாயி கிணறு வெட்டுவார்? வரி கூடப்போவதில்லை என்றால், எந்த அரசாங்கம் வாய்க்கால் வெட்டும்?

சென்னை ராஜதானியில் பெரும்பகுதியில் தாமஸ் மன்றோவின் ரயத்துவாரி முறை. அரசாங்கம் விவசாயியிடமே நேராக வரி வாங்கியது. அதுவும் தங்கமான முறை இல்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்தது இங்கேதான். ஆனாலும் நிலம் விவசாயி பெயரில் இருந்தது. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, லட்சுமி ஐயர் இருவரும் 2005-ல் இதை மாவட்டவாரியாக ஆராய்ந்தார்கள். ஜமீன்தார் வசூலித்த மாவட்டங்கள், சுதந்திரத்துக்குப் பல வருஷம் கழித்தும் விளைச்சலில், பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில் பின்தங்கியே இருந்தன!

சுதந்திர பீகார் சும்மா இருக்கவில்லை. ஜமீன் ஒழிப்புச் சட்டம் போட்டது. 1951-ல் பாட்னா உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. இதுபோன்ற சட்டங்களைக் காப்பாற்றவே அதே வருஷம் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது.

அதற்குள் இரண்டாவது கணக்கு. இதை எழுதியது நம்முடைய டெல்லி! 1950-களில் வந்தது சரக்குக் கட்டணச் சமன்பாடு. ஜாம்ஷெட்பூர் அப்போது பீகாரில் இருந்தது. அங்கே செய்த இரும்புக்குப் பக்கத்து ஊரில் என்ன விலையோ, அதே விலைதான் சென்னையிலும் பம்பாயிலும். ரயில் செலவை நாடு முழுக்கப் பங்குபோட்டுவிட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால், இரும்பு எங்கேயும் ஒரே விலையில் கிடைத்தால், துறைமுகத்தை விட்டுவிட்டு முதலாளி எதற்குப் பீகாருக்குப் போவார்? மேற்கே விளையும் பருத்திக்கு இந்தச் சமத்துவம் கிடையாது என்பதையும் கவனியுங்கள். 1990-களின் தொடக்கத்தில்தான் இதைக் கைவிட்டார்கள். லாபம் பார்த்தவர்கள் வரிசையில் தமிழ்நாடும் உண்டு. 2000-ல் ஜார்கண்ட் பிரிந்தபோது, மிச்சமிருந்த சுரங்கங்களும் போயின.

இந்த இரண்டு மட்டும்தான் காரணமா? இல்லை. கோசி நதி வெள்ளம், சாதி, உள்ளூர் அரசியல்வாதிகளின் கைங்கரியம் எல்லாம் சேர்ந்ததுதான். வரலாறு தலையெழுத்தும் இல்லை. 2015-16-ல் அதே பீகாரில் ஏழைகள் 51.89 சதவிகிதம். ஐந்தே வருஷத்தில் 18 புள்ளி இறங்கியிருக்கிறது.

அடுத்தமுறை வடக்கிலிருந்து வந்த தொழிலாளி ஒருவர் நம் வீட்டுக்குச் செங்கல் சுமக்கும்போது, ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நமக்கு மலிவாக வந்த இரும்பின் ரயில் கட்டணத்தில் ஒரு பங்கை, அவருடைய தாத்தா ஊரும் கட்டியிருக்கிறது.