"எனக்கு ஒன்றுமில்லை" என்பவர்களுக்காக ஒரு சிறு வரலாறு



"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நான் எதற்கு டொக்டரிடம் போக வேண்டும்?" நாற்பது தாண்டிய நம் ஆண்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதற்கு வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1941இலேயே அவருடைய பிரஷர் 188/105. வெள்ளை மாளிகை வைத்தியரோ அது அந்த வயதுக்குச் சாதாரணம் என்றே எண்ணினார். அன்றைய மருத்துவ உலகில் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். வயது கூடினால் பிரஷரும் கூடும், அதில் பயமில்லை என்பது அவர்கள் கருத்து. 1944 மார்ச்சில் ஓர் இதய வைத்தியர் பரிசோதித்தபோது, ரூஸ்வெல்ட்டின் இதயம் ஏற்கனவே பழுதடைந்திருந்தது. 1945 ஏப்ரல் 12ஆம் திகதி தலையிடி என்று சொன்னவர் அப்படியே மயங்கினார். அப்போது அளந்த பிரஷர் 300/190. மூளையில் இரத்தக் கசிவு. அன்று பிற்பகலே இறந்துபோனார். வயது 63.

உலகத்தின் மிகப் பலம் வாய்ந்த மனிதருக்கு நாலு வருட அவகாசம் இருந்தது. அந்த இலக்கத்தின் அர்த்தம்தான் யாருக்கும் விளங்கவில்லை.

மூன்று வருடங்களின் பின், 1948இல், அமெரிக்காவின் பிரமிங்ஹாம் என்ற சிறு ஊரில் ஓர் ஆய்வு தொடங்கியது. 30 முதல் 62 வயது வரையான 5,209 பேரை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பரிசோதித்தார்கள். அவர்கள் நோயாளிகள் அல்லர், உங்களையும் என்னையும் போன்ற சாதாரண ஊர் மக்கள். யாருக்கு மாரடைப்பு வருகிறது, அதற்கு முன் அவருடைய உடம்பு எப்படி இருந்தது என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். கூடிய பிரஷர், கொலஸ்ட்ரோல், சிகரட், சீனி வருத்தம் ஆகியவை பல வருடங்களுக்கு முன்பே, சத்தமில்லாமல், ஆபத்தைக் கொண்டு வருகின்றன என்று தெரிந்தது. நடுவயதில் செய்யும் பரிசோதனைக்கு அடித்தளங்களில் ஒன்று இதுதான்.

சரி, நம் நாடு? இந்த விஷயத்தில் நாம் பின்தங்கியவர்கள் அல்லர். 1926இலேயே களுத்துறையில் சுகாதாரப் பிரிவு ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. நோய் வந்தபின் மருந்து கொடுப்பதை விட, வருமுன் தடுப்பதே அதன் வேலை. இன்று ஊருக்கு ஊர் இருக்கும் எம்.ஓ.எச். ஒபிஸின் மூத்த தாய் அதுதான்.

அன்றைய எதிரி தொற்றுநோய். 1934–35 மலேரியாவில் மட்டும் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். அதே மலேரியாவை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. இன்றைய எதிரி வேறு. இப்போது நம் நாட்டில் நிகழும் பத்து மரணங்களில் சுமார் எட்டுக்குக் காரணம் மாரடைப்பு, பாரிசவாதம், சீனி வருத்தம், புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களே.

அதனால்தான் 1996இல் 35 வயது தாண்டிய பெண்களுக்காக சுகவனிதையர் கிளினிக் வந்தது. 2011 முதல் ஆண், பெண் இருபாலாருக்கும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் வந்தன. உயரம், நிறை, பிரஷர், சீனி பார்ப்பார்கள். வாயையும் பரிசோதிப்பார்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுபவர்களுக்கு இது மிக முக்கியம். அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் சாத்தியத்தையும் கணித்துச் சொல்வார்கள். எல்லாம் இலவசம்.

ஆனால் அங்கே வருபவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். ஆண்கள் மிகக் குறைவு. கடையைப் பூட்ட முடியாது, ஒருநாள் கூலி போய்விடும் என்ற கஷ்டம் விளங்குகிறது. ஆனால் பாரிசவாதத்தில் விழுந்தாலோ, கிட்னி பழுதாகி டயலிசிஸுக்கு அலைந்தாலோ, போவது ஒருநாள் கூலி அல்ல. மூத்த மகனின் படிப்பும் சேர்த்துத்தான் நிற்கிறது. வகுப்பறையில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் இளைஞர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். எம்.ஓ.எச். ஒபிஸுடன் பேசி, ஆண்கள் வரக்கூடிய நேரத்தில் ஊரிலேயே ஒரு பரிசோதனை முகாம் வைக்க முடியுமா என்று பாருங்கள். மண்டபம், கதிரை, ஆட்களைத் திரட்டுவது எல்லாம் நம்மால் முடிந்த காரியம்.

ரூஸ்வெல்ட் காலத்தில் நல்ல பிரஷர் மருந்துகூட இருக்கவில்லை. இன்று மருந்தும் இருக்கிறது, அறிவும் இருக்கிறது, பக்கத்திலேயே கிளினிக்கும் இருக்கிறது.

35 தாண்டிய எல்லோரும் இந்த மாதத்துக்குள் ஒரு தடவை போய் வாருங்கள். சகோதரிகளே, நீங்கள் போகும்போது வீட்டுக்காரரையும் கையோடு கூட்டிப் போங்கள். இன்ஷா அல்லாஹ், நம் பிள்ளைகளுக்கு நாம் இன்னும் கொஞ்சக் காலம் தேவை.

பயன் என்று நினைத்தால் குடும்ப குரூப்களில் பகிருங்கள்.