ஆள் ஏறினதும் படகு திணறுதா? புரொப்பல்லர் சைஸ் சரியா இருக்கான்னு கண்டுபிடிப்பது எப்படி?

லீவு நாளில் முட்டுக்காடு, பிச்சாவரம் பக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். காலியாக வரும்போது சர்ரென்று வரும் மோட்டார் படகு, பத்து பேர் ஏறியதும் மந்தமாகிவிடும். இன்ஜின் உறுமும், புகை வரும், ஆனால் வேகம் மட்டும் வராது. உடனே எல்லோரும் சொல்வது, “இன்ஜின் பவர் பத்தலை”. ஆனால் பல நேரம் பிரச்சினை இன்ஜினில் இல்லை, தண்ணீருக்குள் சுற்றும் புரொப்பல்லரில் இருக்கிறது.

இதற்கும் சென்னை அபிராமபுரத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு, சிறு மீனவர்களுக்காக 1979-ல் தொடங்கிய ‘வங்காள விரிகுடாத் திட்டம்’ இங்குள்ள செயின்ட் மேரீஸ் ரோட்டிலிருந்துதான் இயங்கியது. 2003-ல் இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு ஆகிய நாடுகளின் கூட்டு அமைப்பாக இது மாறியது. இதில் பணியாற்றிய நார்வே படகு வடிவமைப்பாளர் ஓய்விண்ட் குல்பிரான்ட்சன், சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி 1986-ல் ஓர் அறிக்கை எழுதினார். 2012-ல் அதே விஷயத்தில் ஒரு கையேடும் வந்தது. இரண்டிலும் புரொப்பல்லருக்கு முக்கிய இடம் உண்டு.

புரொப்பல்லரில் இருக்கும் 2 எண்கள் என்ன?

புரொப்பல்லரின் நடுப்பகுதியில் 13 x 11 என்பது போல இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும்.

முதல் எண் விட்டம். இறக்கைகள் சுற்றும்போது உருவாகும் வட்டத்தின் அகலம், இன்ச் கணக்கில்.

இரண்டாவது எண் பிட்ச். மரத்தில் ஸ்க்ரூ முடுக்கும்போது ஒரு சுற்றுக்கு இவ்வளவு உள்ளே போகும் என்று இருக்கும் இல்லையா, அதேதான். 11 இன்ச் பிட்ச் என்றால், ஒரு சுற்றுக்கு 11 இன்ச் முன்னேற வேண்டும் என்பது கணக்கு. ஆனால் தண்ணீர் மரம் மாதிரி கெட்டியாக இருக்காது, வழுக்கும். இந்த இழப்புக்குப் பெயர் ‘ஸ்லிப்’.

ஒரு உதாரணம். இன்ஜின் நிமிடத்துக்கு 5,500 சுற்று, கியர் விகிதம் 2:1 என்று வைத்துக்கொள்வோம். புரொப்பல்லர் 2,750 முறை சுற்றும். பிட்ச் 11 இன்ச் என்றால், காகிதத்தில் மணிக்கு சுமார் 46 கி.மீ. வேகம் வர வேண்டும். 30 சதவீதம் ஸ்லிப் போனால் நிஜத்தில் கிடைப்பது சுமார் 32 கி.மீ. தான்.

பிட்ச் அதிகமானால் வேகமும் அதிகமாகும்தானே?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பிட்ச் என்பது பைக் கியர் மாதிரி. மூணு பேரை ஏற்றிக்கொண்டு டாப் கியரில் மேம்பாலம் ஏறினால் என்ன ஆகும்? வண்டி திணறும். பிட்ச் அதிகமான புரொப்பல்லரும் லோடு ஏறிய படகை அப்படித்தான் திணற வைக்கும். ஆர்.பி.எம். ஏறாது, இன்ஜின் சூடாகும், கார்பன் படியும், பெட்ரோல் வீணாகும். டீசல் இன்ஜின் என்றால் கரும்புகை வரும்.

பிட்ச் ரொம்பக் குறைந்தாலும் சிக்கல்தான். முதல் கியரிலேயே நெடுஞ்சாலையில் ஓட்டுவது போல இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றும், படகு நகராது.

மிதவைப் படகுக்கு ஏன் தனிக் கணக்கு?

இரண்டு அல்லது மூன்று மிதவைக் குழாய்கள் மேல் தட்டையான தளம் போட்ட படகுதான் பான்டூன் போட். நிறைய பேர் உட்காரலாம், ஆடாது. ஆனால் கனம் அதிகம், கூரையில் காற்று மோதும், தண்ணீரின் எதிர்ப்பும் அதிகம். ஸ்பீடு போட்டுக்கான புரொப்பல்லரை இதில் மாட்டினால் வேலைக்கு ஆகாது.

வலையும் மீனும் ஏற்றிய மீன்பிடிப் படகுக்கும் இதே நிலைமைதான். அபிராமபுரத்து அறிக்கையின் முக்கியமான பாடமும் இதுவே: கனமான, மெதுவாகப் போகும் படகுக்குப் பெரிய விட்டமும் குறைந்த சுழற்சியும் உள்ள புரொப்பல்லர்தான் லாபம். சிம்பிளா சொன்னா, கொஞ்சம் தண்ணீரை வேகமாகத் தள்ளுவதைவிட, நிறைய தண்ணீரை மெதுவாகத் தள்ளுவது சிக்கனம்.

அப்படியானால் எவ்வளவு பெரிசு வேண்டுமானாலும் மாட்டலாமா? முடியாது. அவுட்போர்டு மோட்டாரில் புரொப்பல்லருக்கு மேலே உள்ள தகடு விட்டத்துக்கு எல்லை போட்டுவிடும். உள்ளே இன்ஜின் வைத்த படகில், இறக்கை நுனிக்கும் படகின் அடிப்பகுதிக்கும் நடுவே விட்டத்தில் 10 முதல் 15 சதவீதமாவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் அதிர்வு வரும். பெரிய புரொப்பல்லரை மெதுவாகச் சுற்ற, கியர்பாக்ஸும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

சரியான சைஸைக் கண்டுபிடிப்பது எப்படி?

கடைக்காரரையோ பக்கத்துப் படகுக்காரரையோ கேட்பதைவிட, உங்கள் ஆர்.பி.எம். மீட்டரைக் கேளுங்கள்.

1. இன்ஜின் கையேட்டில் முழு த்ராட்டிலுக்கான ஆர்.பி.எம். வரம்பைப் பாருங்கள். உதாரணத்துக்கு 5,000 முதல் 6,000.

2. வழக்கமாக ஏற்றும் அளவுக்கு ஆட்கள், எரிபொருள், சாமான் எல்லாம் ஏற்றுங்கள். காலிப் படகில் டெஸ்ட் செய்வதுதான் பெரிய தப்பு.

3. ஆழமான, கூட்டமில்லாத இடத்தில் முழு த்ராட்டில் கொடுத்து, ஆர்.பி.எம். எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

4. அது வரம்பின் மேல் பாதிக்குள் இருந்தால் சைஸ் சரி. குறைவாக இருந்தால் பிட்சைக் குறையுங்கள். வரம்பைத் தாண்டினால் பிட்சைக் கூட்டுங்கள்.

5. பிட்ச் 1 இன்ச் மாறினால் ஏறத்தாழ 150 முதல் 200 ஆர்.பி.எம். மாறும். இப்போது 14 இன்ச் பிட்சில் 4,900 வருகிறது, 5,500 வேண்டும் என்றால் குறைவது 600. சுமார் 3 இன்ச் குறைத்து 11 இன்ச் போட்டுப் பார்க்கலாம்.

ஃபைபர் படகுகள் பலவற்றில் மீட்டரே இருக்காது. மெக்கானிக்கிடம் உள்ள கையடக்க மீட்டரை வைத்து அளந்துவிடலாம்.

3 இறக்கையா, 4 இறக்கையா?

மூன்று இறக்கை என்றால் உச்ச வேகம் கொஞ்சம் அதிகம். நான்கு இறக்கை என்றால் லோடோடு கிளம்பும்போதும், கரையை அணைக்கும்போதும் பிடிப்பு நன்றாக இருக்கும், அதிர்வும் குறையும். ஆட்களை ஏற்றும் மிதவைப் படகுக்கு நான்கு பொருத்தமானது. ஆனால் மூன்றிலிருந்து நான்குக்கு மாறினால் ஆர்.பி.எம். சற்று இறங்கும் என்பதால் திரும்ப டெஸ்ட் செய்ய வேண்டும்.

அலுமினியம் விலை குறைவு, அடிபட்டால் வளையும், சரிசெய்யலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறுதியானது. ஆனால் கல்லில் மோதினால் அந்த அடி கியர்பாக்ஸுக்குப் போகலாம். மணலும் வேரும் உள்ள ஆழமில்லாத நீரில் அலுமினியமே போதும்.

இதையும் மறக்காதீங்க

புது புரொப்பல்லர் வாங்கும் முன் பழையதைப் பாருங்கள். இறக்கை நுனி தேய்ந்திருக்கிறதா? தண்டில் வலை நூல், பிளாஸ்டிக் பை சுற்றியிருக்கிறதா? மோட்டார் உயரமாக மாட்டப்பட்டிருந்தால் புரொப்பல்லர் காற்றை இழுத்து வெறுமனே சுற்றும். பாசி படிந்த அடிப்பகுதியும் வேகத்தைத் தின்னும்.

டீசல் மிச்சமாக இன்னொரு வழி, மெதுவாகப் போவது. கனமான படகில் வேகத்தை 10 சதவீதம் குறைத்தாலே, தேவைப்படும் சக்தி தோராயமாக கால் பங்கு குறையும். இதற்குப் பைசா செலவில்லை.

கடைசியாக ஒன்று. சரியான புரொப்பல்லர் மாட்டினால் படகு லோடோடு நன்றாக ஓடும். ஆனால் படகு தாங்கும் லோடு கூடாது. 2011 டிசம்பர் 25-ல் பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை மறக்க முடியாது. “இப்பதான் நல்லா இழுக்குதே, இன்னும் நாலு பேரை ஏத்திக்கலாம்” என்று யாராவது சொன்னால், அந்தப் படகில் ஏறாதீங்க.