பீப் அடிக்காத டிடெக்டரும் கிரகாம் பெல்லும்

நான் ஆணி புடுங்குற இடம் சிறுசேரி சிப்காட். தாம்பரத்துல இருந்து ஆபீஸ் பஸ் பிடிச்சு, தூங்கி வழிஞ்சு இறங்கினா வாசல்ல ஒரு செக்யூரிட்டி அண்ணன் நிப்பார். கையில கறுப்பு கலர்ல கரண்டி மாதிரி ஒரு மெட்டல் டிடெக்டர். மேலேயிருந்து கீழே ஒரு தடவு, திரும்பச் சொல்லி முதுகுப் பக்கம் இன்னொரு தடவு. அப்புறம் "போங்க தம்பி". தினமும் நடக்குறதுதான்.

போன வாரம் சாயங்காலம் டீ குடிக்க வெளியே வந்தப்போ அவரே மெல்லக் கூப்பிட்டார். "தம்பி, நீங்க இன்ஜினியர்தான? இதை என்னன்னு பாருங்களேன். லைட்டே எரிய மாட்டேங்குது."

"எப்போல இருந்துண்ணே?"

கொஞ்சம் தயங்கிட்டு, "மூணு நாளா" என்றார்.

மூணு நாள்! அந்த மூணு நாளும் என்னை அவர் தடவித்தான் அனுப்பினார். என் பாக்கெட்ல வண்டிச் சாவி, போன், பெல்ட்டுல ஒரு பக்கிள். எதுக்கும் பீப் வரலை. வரலைன்னு எனக்கும் தோணலை. பஸ்ல கூட வந்த நாப்பது பேருக்கும் தோணலை. ஏன் சொல்லலைன்னு கேட்டேன். "சொன்னா நீ கீழ போட்டு உடைச்சிட்டேன்னு சம்பளத்துல பிடிச்சிடுவாங்க தம்பி. போன தடவை ஒருத்தருக்குப் பிடிச்சாங்க." அதுக்கு மேல நான் ஒண்ணும் கேட்கலை.

ரிப்பேர் கதையைக் கடைசியில சொல்றேன். அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் இந்தக் கருவியோட பூர்வீகத்தைத் தேட ஆரம்பிச்சேன். தூக்கம் போச்சு. அதனால உங்க தூக்கத்தையும் கெடுக்கலாம்னு இந்தப் பதிவு :-)

முதல்ல, இது எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா. ஒரு கம்பிச்சுருள்ல திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தை அனுப்பினா, சுத்தி ஒரு காந்தப் புலம் உண்டாகும். பக்கத்துல இன்னொரு சுருள் வெச்சா அதுலயும் மின்சாரம் தூண்டப்படும். ரெண்டையும் சரியான விதத்துல அமைச்சா, தூண்டல் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு பூஜ்யமாயிடும். நம்ம ஊர் தராசு முள் நடுவுல நிக்கிற மாதிரி. அந்த நேரம் கிட்டக்க ஒரு உலோகம் வந்தா அதுக்குள்ள சுழல் மின்னோட்டம் உண்டாகி, தராசு ஒரு பக்கம் சாயும். அந்தச் சாய்வுதான் பீப். இந்தத் தூண்டல் தராசை 1879இல் செஞ்சு காட்டியவர் டேவிட் ஹியூஸ்.

இதை வெச்சு ஒரு உயிரைக் காப்பாத்த முயற்சி பண்ணவர் அலெக்ஸாண்டர் கிரகாம் பெல். ஆமாங்க, டெலிபோன் பெல்லேதான்.

1881 ஜூலை 2. அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டை வாஷிங்டன் ரயில் நிலையத்துல சார்லஸ் கிட்டோ என்பவன் ரெண்டு தடவை சுட்டான். ஒரு குண்டு கையை உரசிட்டுப் போச்சு. இன்னொண்ணு முதுகு வழியா உள்ளே போய் எங்கேயோ தங்கிடுச்சு. எக்ஸ்-ரே கண்டுபிடிக்க இன்னும் 14 வருஷம் இருக்கு. டாக்டர்கள் கழுவாத விரலை விட்டு, கம்பியை விட்டு, குண்டைத் தேடித் தேடிப் புண்ணைப் பெரிசாக்கிட்டிருந்தாங்க.

செய்தியைக் கேள்விப்பட்ட பெல், உதவியாளர் டெய்ன்டரோட உட்கார்ந்து ஒரு தூண்டல் தராசைச் செய்ய ஆரம்பிச்சார். சாய்வைக் காட்ட முள்ளெல்லாம் கிடையாது. தன்னோட டெலிபோனையே காதுல வெச்சுக்கிட்டார். உலோகம் கிட்ட வந்தா அதுல சத்தம் கேட்கும். உடம்புக்குள்ள பழைய போர்க்காலத்துக் குண்டோட வாழ்ந்துக்கிட்டிருந்த முன்னாள் சிப்பாய்கள் மேலே வெச்சுச் சோதிச்சார். வேலை செஞ்சது.

ஜூலை 26 சாயங்காலம் கருவியோட வெள்ளை மாளிகைக்குப் போனார். அங்கே போய் ஆன் பண்ணினா காதுல இடைவிடாம ஒரு கரகரப்பு. கருவி எட்டுற தூரமும் குறைஞ்சு போச்சு. குண்டு கிடைக்கலை. அவமானத்தோட திரும்பி வந்து பிரிச்சுப் பார்த்தா, கடைசி நேரத்துல சேர்த்த கண்டென்ஸரை ஒரு பக்கத்துக்கு மட்டும் இணைச்சிருந்தாங்க. ஒரே ஒரு ஒயர்! நாமெல்லாம் ரிலீஸ் அன்னிக்குக் காலையில "சின்ன மாற்றம்தான், ஒண்ணும் ஆகாது"ன்னு கை வைப்போமே, அதுக்கு 1881லேயே முன்னோடி இருந்திருக்கார்.

ஆகஸ்ட் 1இல் மறுபடி போனார். இந்தத் தடவை கருவி சரியாத்தான் இருந்தது. ஆனா குண்டு இருக்குற ஒரு புள்ளியில மட்டும் கேட்க வேண்டிய சத்தம், பெரிய பரப்பு முழுக்க லேசா கேட்டுது. அப்புறம் விசாரிச்சா, ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்குக் கீழே எஃகுக் கம்பியில செஞ்ச இன்னொரு மெத்தை இருந்திருக்கு. மெத்தைதான் முழுக் காரணம்னு சொல்லிட முடியாது. பெரிய தப்பு வேற இடத்துல இருந்தது. தலைமை டாக்டர் பிளிஸ், குண்டு வலது பக்கம்தான் இருக்குன்னு முன்னாடியே முடிவு கட்டிட்டார். பெல்லை அந்தப் பக்கம் மட்டும்தான் தேட விட்டார். அந்த லேசான சத்தத்தையே வெச்சு, தான் சொன்னது சரின்னும் அறிவிச்சுட்டார்.

செப்டம்பர் 19இல் கார்ஃபீல்ட் இறந்தார். பிரேதப் பரிசோதனையில குண்டு கிடைச்சது. இடது பக்கம், ஆழத்துல. அவரைக் கொன்னது குண்டை விட, கழுவாத விரல்கள் கொண்டுபோன சீழ்தான்னு இன்னிக்குப் பொதுவா சொல்றாங்க. பெல்லுக்கு இன்னொரு அடியும் விழுந்தது. இதே ஆகஸ்ட் மாசத்துல அவருக்குக் குறைமாசத்துல ஒரு ஆண் குழந்தை பிறந்து, அன்னிக்கே இறந்து போச்சு. அதுக்கப்புறமும் அந்த மனுஷன் கருவியை விடலை, மேம்படுத்திக்கிட்டே இருந்தார்.

அடுத்த காட்சி, ரெண்டாம் உலகப் போர். ஜெர்மனி போலந்தைப் பிடிச்சதும் பிரிட்டனுக்குத் தப்பி வந்த அதிகாரிகள்ல ஒருத்தர் யோசெஃப் கொசாட்ஸ்கி. பொறியாளர். 1941 குளிர்காலத்துல, ஸ்காட்லாந்துல இருந்தபடியே, ஒரு ஆள் தூக்கி நடக்கக்கூடிய கண்ணிவெடி டிடெக்டரை வடிவமைச்சார். எடை 14 கிலோவுக்குள்ளே. ரெண்டு சுருள், காதுல ஹெட்போன், முதுகுல பேட்டரி. பெல்லோட தத்துவம் தான், கையில எடுத்துட்டுப் போற மாதிரி. பேட்டன்ட் எடுக்காம பிரிட்டிஷ் ராணுவத்துக்கு அப்படியே கொடுத்துட்டார். பதிலுக்குக் கிடைச்சது ராஜாவோட ஒரு நன்றிக் கடிதம். 1942 அக்டோபர்ல எல் அலமைன் பாலைவனத்துல இந்த மாதிரி 500 கருவிகள் போச்சு. மணிக்கு 100 மீட்டர் அளவுக்குத் துழாவிட்டிருந்த இடத்துல 200 மீட்டர் போக முடிஞ்சதாம்.

ஜெர்மன்காரன் சும்மா இருப்பானா? மரப்பெட்டியில கண்ணிவெடி செய்ய ஆரம்பிச்சான். டிடெக்டர் ஆன்ல இருக்கும், பேட்டரி புதுசு, ஒயர் எல்லாம் சரி. ஆனா காதுல சத்தம் வராது. காலுக்குக் கீழே வெடி இருக்கும்.

இந்த இடத்துல நம்ம ஊர் ஆள் ஒருத்தர் வரார். மெட்ராஸ் சாப்பர்ஸ், 1780இல் ஆரம்பிச்ச படைப்பிரிவு. பாலம் கட்டுறது, பாதை போடுறது, கண்ணிவெடி அகற்றுறது இவங்க வேலை. ராணுவத்துல இவங்களுக்குச் செல்லப் பேரே "தம்பி". அதுல ஒரு சுபேதார், சுப்ரமணியன். அன்றைய செங்கல்பட்டு ஜில்லா, கீழ் ஒட்டிவாக்கத்துக்காரர். நான் ஆணி புடுங்குற சிறுசேரியும் அதே ஜில்லாதான்!

1944 பிப்ரவரி 24. இத்தாலியில காஸினோவுக்குத் தெற்கே மின்யானோ பக்கம். கண்ணிவெடி புதைச்ச நிலத்துல ஒரு சின்னக் குழு வழி உண்டாக்கிட்டுப் போகுது. முன்னால டிடெக்டரோட ஒரு லான்ஸ் நாயக். பின்னால, அவர் பார்த்து முடிச்ச பாதைக்கு வெள்ளை நாடாவால அடையாளம் போட்டுட்டு சுபேதார். டிடெக்டர் முன்னால போயும் ஒரு வெடி மிதிபட்டுடுச்சு. அந்த வகை வெடி மிதிச்ச உடனே வெடிக்காது, சில நொடி அவகாசம் உண்டு. எல்லாருக்கும் அது தெரியும், சுபேதாருக்கும் தெரியும். தப்பி ஓடவும் தரையில படுக்கவும் அந்த நேரம் போதும். அவர் அந்த நொடிகள்ல முன்னால போய் அந்த வெடி மேலேயே விழுந்தார். மத்தவங்க பிழைச்சாங்க. வயசு சுமார் 32. அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தாங்க. 1944 ஜூன் 30 தேதியிட்ட லண்டன் கெஸட்ல அறிவிப்பு வந்தது.

நான் படிச்ச எந்தப் பாடப் புத்தகத்துலயும் இவர் பேர் வந்ததா ஞாபகம் இல்லை. கிரகாம் பெல் வந்தார். அதையும் சொல்லிடறேன்.

கடைசியா ஒரு வில்லன். ஏடிஇ 651னு ஒரு கருவி. வெடிகுண்டு, போதைமருந்து, எதை வேணா தூரத்துல இருந்தே கண்டுபிடிக்கும்னு சொல்லி ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற ஆங்கிலேயர் ஈராக்குக்கு ஆயிரக்கணக்குல வித்தார். பிளாஸ்டிக் கைப்பிடி, அதுல ஆடுற ஒரு ஆன்டெனா. பேட்டரியே கிடையாது! தூக்கிட்டு நடக்குறவரோட உடம்பு மின்சாரத்துல ஓடுமாம். உள்ளே ஒண்ணுமே இல்லை. பாக்தாத் செக்போஸ்ட்கள்ல வருஷக்கணக்கா அதை ஆட்டி ஆட்டி வண்டிகளை உள்ளே விட்டாங்க. எத்தனை குண்டு அப்படித் தாண்டிப் போச்சோ. 2013இல் அவருக்கு 10 வருஷ ஜெயில் தண்டனை கிடைச்சது.

இதையெல்லாம் படிச்சு முடிச்சப்போ மணி ரெண்டு. ஒண்ணு உறைச்சது. ஆன் ஆகாத டிடெக்டர் இருக்கே, அது யோக்கியமான கருவி. லைட் எரியலை, நான் வேலை செய்யலைன்னு நேரடியா சொல்லிடுது. ஆபத்து, ஆன்ல இருந்துக்கிட்டே தப்பான பக்கம் தேடுறதும், மரப்பெட்டிக்கு முன்னால மௌனமா இருக்குறதும், உள்ளே ஒண்ணுமே இல்லாததும்தான். எங்க டீம்லயே ஒரு தடவை ராத்திரி முழுக்க ஒரு அலெர்ட்டும் வரலைன்னு சந்தோஷமா தூங்கினோம். காலையில பார்த்தா அலெர்ட் அனுப்புற புரோகிராமே செத்துக் கிடந்தது. சத்தம் வரலைன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு நாமளா நினைச்சுக்கறோம்.

சரி, ரிப்பேர். மறுநாள் மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் பையில போட்டுட்டுப் போனேன். (அதை வாசல்ல சோதிக்கவும் கருவி இல்லை என்பதைக் கவனிக்கவும்.) 9 வோல்ட் பேட்டரி. புதுசு போட்டும் லைட் எரியலை. பேட்டரி முனையில மீட்டர் 9.3 காட்டுது, போர்டுல வெச்சா பூஜ்யம். அப்போ கோளாறு நடுவுல. பேட்டரியில மாட்டுற மூடியைப் பிரிச்சா கடல் காத்துக்குப் பச்சை பூத்திருக்கு. சிவப்பு ஒயர் மேலே பார்க்க முழுசா இருக்கு, உறைக்குள்ளே கம்பி அத்துப் போயிருக்கு. பேட்டரி மாத்தும்போதெல்லாம் ஒயரைப் பிடிச்சு இழுத்தா இப்படித்தான் ஆகும். பச்சையைச் சுரண்டி, ஒயரை வெட்டி, ஈயம் வெச்சுப் பத்த வெச்சேன். பத்து நிமிஷ வேலை. பெல் மாதிரியே ஒரே ஒரு ஒயர்.

ஸ்விட்சைப் போட்டதும் பச்சை லைட். அண்ணன் முகத்துலயும் எரிஞ்சது.

"அண்ணே, இன்னொரு தடவை இப்படி ஆனா முதல் நாளே சொல்லிடுங்க" என்றேன். "சம்பளத்துல பிடிச்சா?" என்றார். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. ஒயர் தேய்ஞ்சுதான் அறுந்தது, யாரும் கீழே போடலைன்னு ஒரு பேப்பர்ல எழுதி, என் பேரும் எம்ப்ளாயி நம்பரும் போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதுக்கு எவ்வளவு மரியாதை கிடைக்கும்னு தெரியாது. நாலா மடிச்சு சட்டைப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டார்.

இப்போ தினமும் என் சாவிக்கு பீப் அடிக்குது. நானும் நின்னு கேட்டுட்டுத்தான் உள்ளே போறேன்.

டிஸ்கி: பேட்டரி மாத்தும்போது மூடியைப் பிடிச்சு எடுங்க மக்கா, ஒயரைப் பிடிச்சு இழுக்காதீங்க.