திரும்ப வராத இசையைத் தேடி

கனடாவில், மொன்றியலிலிருந்து ஏறத்தாழ 160 கி.மீ. தொலைவில் விக்டோரியாவீல் என்றொரு சிறுநகரம் உண்டு. 1983இல் மிஷேல் லெவாசர் அங்கே தொடங்கிய இசைவிழாவுக்கு எல்லை கடந்தும் கடல் கடந்தும் ரசிகர்கள் வருகிறார்கள். அவர்களில் பலர் கேட்க வருவது, மேடையேறும்வரை வாசிப்பவருக்கே தெரியாத இசையை.

1986 அக்டோபரில் இங்கிலாந்தின் கிதார் கலைஞர் டெரிக் பெய்லியும் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் அந்தோணி பிராக்ஸ்டனும் அங்கே சேர்ந்து வாசித்தார்கள். முன்பே எழுதிய மெட்டு இல்லை, தாளக்கட்டு இல்லை. மனோதர்மம் நமக்கும் தெரிந்ததுதான். பெய்லியே தம் நூலில் இந்திய இசையைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் நம் ஆலாபனைக்கு ராகம் என்ற கரை உண்டு. இவர்கள் அந்தக் கரையையும் விட்டு இறங்கியவர்கள்.

அந்தக் கச்சேரி பிறகு இசைத்தட்டாக வந்தது. ‘அரிய கணம்’ என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் அதற்கு. அப்படியானால் அவ்வளவு தூரம் ஏன் போகவேண்டும்? வீட்டிலேயே கேட்கலாமே?

கேட்கலாம். ஆனால் இசைத்தட்டில் எல்லாம் முடிந்துவிட்டது. அரங்கிலோ, அடுத்த ஒலி வருமா, மௌனம் நீளுமா என்று வாசிப்பவரோடு நாமும் காத்திருக்கிறோம். நம் அமைதியும் செருமலும் அவர் காதில் விழுகின்றன. இரவுப்பணியில் நோயாளியின் கட்டிலருகே இருக்கும் செவிலிக்கு இந்தக் காத்திருப்பு புரியும். எண்களை மானிட்டர் காட்டிவிடும். மூச்சைக் கேட்க அருகில் இருக்கவேண்டும்.

பெய்லி 2005இல் காலமானார். இனி அவரை இசைத்தட்டில்தான் கேட்கமுடியும். இந்த உரையையும் நீங்கள் திரையில்தான் கேட்கிறீர்கள். உங்கள் ஊருக்கு எட்டும் தூரத்தில் இப்படியொரு கச்சேரி நடந்தால், ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள்.