தொறுவும் விளக்கும்: முன் இடைக்காலத் தமிழகத்தில் கால்நடை வளர்ப்பு

பல்லவர், சோழர் காலத் தமிழகத்தின் கால்நடை வளர்ப்பைப் பற்றி அதிகம் பேசுவது கல்தான். வடமாவட்ட நடுகற்கள் ஒருபுறம், கோயில் சுவர்களில் வெட்டிய விளக்குக் கொடைகள் மறுபுறம். முன்னதைப் பழைய வீரவாழ்வின் எச்சமாகவும் பின்னதைப் பக்திச் செயலாகவும் தனித்தனியே படிப்பது வழக்கம். சேர்த்துப் படித்தால், மந்தை அன்றைய பொருளாதாரத்தின் ஓரத்தில் கிடக்கவில்லை, அதன் முதலாகவே இருந்தது என்பது தெரியும்.

செங்கம் வட்டார நடுகற்கள் பலவும் தொறு (கால்நடை மந்தை) கொண்டபோதோ மீட்டபோதோ பட்ட வீரர்களுக்கு எடுத்தவை. ஆநிரை கவர்தலைப் பாடும் வெட்சி, மீட்டலைப் பாடும் கரந்தை என்னும் இலக்கிய மரபையே கல்லில் பொறித்தார்கள், இதை வைத்து மந்தையின் மதிப்பை அளக்க முடியாது என்று ஒருவர் மறுக்கலாம். அதே வட்டாரத்து எடுத்தனூர்க் கல் அதற்கு இடம் தரவில்லை. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல், கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளுக்காகப் பட்டதைச் சொல்கிறது. இரு கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயையும் உருவத்தோடு காட்டுகிறது. இலக்கியம் பாடுவது ஆநிரையை. இங்கே இருப்பது எருமை, அதைக் காத்த ஆள், பெயருள்ள ஒரு நாய். மரபு தந்த சொல்லுக்குள் ஒரு குடும்பத்தின் உடைமை நிற்கிறது. ஆனால் நடுகல் சாவைத்தான் பதியும். அன்றாட வளர்ப்பை அதில் தேடக்கூடாது.

அதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போக வேண்டும். முதலாம் இராசராசன் காலத்தில் அங்கே ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை ஒதுக்கப்பட்டன. பொறுப்பேற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்தனர். ‘சாவா மூவாப் பேராடு’, அதாவது சாகாத, மூப்படையாத ஆடு என்று கல்வெட்டுகள் சொல்வதால் இவை கணக்கேட்டு ஆடுகள், வட்டிக்கு விட்ட காசின் மறுபெயர் என்ற ஐயம் நியாயமானதே. எனினும் காசும் பொன்னும் முதலாக வைத்து அறக்கட்டளை நிறுவும் வழி அப்போதே இருந்தது; வெறும் வட்டிக்கு ஆடு தேவையில்லை. மேலும் ஓர் எருமை மூன்று பசுவுக்கும், ஒரு பசு இரண்டு ஆட்டுக்கும் ஈடு என்ற விகிதம், கறவையின் பயனை நன்கறிந்தவர்கள் வகுத்ததாகவே தோன்றுகிறது. சாவாமை என்பதும் மந்தை மேலாண்மைதான்: கிழடும் நோயும் கழிய, பெண் குட்டிகளை நிறுத்தி எண்ணிக்கையைக் குறையாமல் காக்கும் கடமை இடையருடையது. 96 ஆட்டுக்கு ஓர் உழக்கு என்பது மிகக் குறைந்த அளவு. அதற்கு மேற்பட்ட பாலும் குட்டியும் எருவும் அவர் கையிலேயே தங்கியிருக்க வேண்டும்.