அகதியும் நாடற்றாரும்

அகதி என்பது வடசொல். கதியில்லாதவன் என்பது அதன் பொருள். போரும் கலகமும் துரத்தத் தன் ஊரைவிட்டுப் பிறர் நிலத்தில் அடைக்கலம் புகுந்தவனை அச்சொல்லாற் குறிப்பர். நாடற்றவனோ ஓடியவனல்லன், பிறந்த வீட்டில் இருந்தபடியே ஒரு சட்டத்தின் வாசகத்தால் நாட்டை இழந்தவன். இவ்விரு நிலையும் ஒரே மக்கட்கு ஒன்றன்பின் ஒன்றாக நேர்ந்த வரலாறு ஒன்றுண்டு. அஃது இலங்கை மலையகத் தமிழர் வரலாறு. நம் ஊர்களினின்றும் சென்றாரது வரலாறாதலின், சங்கத்தன்பர் அதனை அறிதல் கடனென்று கருதி ஈண்டு எழுதப் புகுந்தோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் அம்மலைநாட்டிற் காப்பித் தோட்டங்களை அமைத்தனர். கங்காணிமார் தமிழகத்துச் சிற்றூர்களில் ஆள் திரட்டினர். பஞ்சமும் கடனும் பின்னின்று தள்ளப் புறப்பட்ட ஏழையர், கடல் கடந்து மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தனர். வழியிலேயே நோயுற்று மாண்டவர் பலர். 1869-க்குப் பின் இலைநோயாற் காப்பி அழியத் தேயிலை தழைத்தது. தேயிலை ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும் பயிர். ஆதலின் வந்து மீண்டவர் அங்கேயே நிலைத்து, லயங்களிற் பிள்ளை பெற்று, அம்மண்ணிலேயே மடிந்தனர்.

1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசைச் சார்ந்த எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். நாடு விடுதலையடைந்த 1948-லேயே 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் பிறந்தது. ஒருவன் இலங்கையிற் பிறந்திருத்தல் மட்டும் போதாது. அவன் தந்தையாதல், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமாதல் அங்கே பிறந்திருத்தல் வேண்டுமென்றது அச்சட்டம். பிறப்பைப் பதியும் வழக்கம் வேரூன்றாத காலத்துத் தோட்டத் தொழிலாளி தன் முன்னோர் பிறப்புக்குச் சான்று எங்ஙனம் காட்டுவான்? 1949-இல் வேறொரு சட்டம் விண்ணப்பித்துப் பெறும் வழியொன்று வைத்ததாயினும், மணமானவர்க்கு 7 ஆண்டும் ஏனையோர்க்கு 10 ஆண்டும் இடைவிடாது வசித்தமைக்குச் சான்று கேட்டது. விண்ணப்பங்களிற் பெரும்பாலன தள்ளுண்டன. வாக்குரிமையும் உடன் போயிற்று. 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்காங்கிரசின் சார்பில் ஒருவரும் பாராளுமன்றம் புகுந்திலர்.

அவர்கள் வாளாவிருந்தாரல்லர். அவ்வாண்டிலேயே சௌமியமூர்த்தி தொண்டமான் முதலியோர் கொழும்பிற் சத்தியாக்கிரகம் இருந்தனர். சிங்களருள்ளும் இடதுசாரித் தலைவர்கள் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தமையை மறத்தல் நன்றியன்று. தமிழ்த் தலைவரிடையே ஒருமை நில்லாது போயிற்று. இச்சட்டங்களை முன்னிட்டு எழுந்த பிளவே, எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியை நிறுவுதற்கு ஒரு காரணமாயிற்று.

1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றார் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் வகுத்தனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974-இற் செய்த உடன்படிக்கை சரிபாதியாகப் பிரித்தது. பாகப்பிரிவினையில் ஆடுமாடுகளைப் பங்கிடுவது நாம் அறிந்ததே. மக்களைப் பங்கிட்ட அந்நாளில் அம்மக்களை யாரேனும் கேட்டனரா? இராமேசுவரக் கப்பலேறி வந்தோர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும் பிறவிடங்களிலும் குடியேற்றப்பட்டனர்.

இனி, நாடற்றார் அகதியான கதை. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் எழுந்த வன்செயல்களில் தோட்டப்புறத்து லயங்களும் எரிந்தன. உயிர் பிழைத்தோர் பலர் வவுனியா, கிளிநொச்சி முதலிய வடபுலத்து நிலங்களிற் சென்று குடியேறினர். போர் அங்கும் தொடர்ந்தது. அவருட் சிலர் படகேறித் தமிழகக் கரை சேர்ந்து முகாம் புகுந்தனர். பாட்டன் பிழைப்புத் தேடிக் கடந்த கடலைப் பேரன் உயிருக்கஞ்சி மீளக் கடந்தான்.

1988-ஆம் ஆண்டுச் சட்டமும் 2003-ஆம் ஆண்டுச் சட்டமும் எஞ்சினார்க்கு இலங்கைக் குடியுரிமை வழங்கின. இந்தியாவில் அடைக்கலம் புகுந்திருந்தார்க்கும் அவ்வுரிமை எட்டுமாறு 2009-இல் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. ஒரு வாசகத்தால் ஓராண்டிற் பறித்ததைத் திரும்பப் பெற 55 ஆண்டுகள் சென்றன. இடையில் இறந்தார்க்கு அது வந்தென்ன?

அங்கே அவர்களைக் கள்ளத்தோணி என்று இகழ்ந்தனர். அரசினர் அறியவே அழைத்துச் செல்லப்பட்டார்க்கு அப்பெயர் எவ்வளவு பொருந்தாது! இங்கே வந்தபின் நாமோ சிலோன்காரர் என்றோம். பூர்விக ஊரில் உறவு சொல்லி வந்து நின்றாரைப் பங்காளிகள் தெரியாதென்று கூறித் திருப்பியதும் உண்டு. நிலத்திற் பங்கு கேட்பரோ என்னும் அச்சமே அதற்குக் காரணமென்பதை நாம் மறைத்தலாகாது.

ஆதலின் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அக்குடும்பத்துப் பிள்ளைகள் கல்விச்சலுகை பெறச் சாதிச் சான்றிதழ் வேண்டி வட்டாட்சியர் அலுவலகம் செல்லும்பொழுது, முன்னோர் ஊரைக் காட்டும் ஆதாரமின்றி இடர்ப்படுகின்றனர். நம் ஊர்ப் பெரியோர்க்குத் தெரிந்த வம்சவழியும், குலதெய்வக் கோயில் வரிக்கணக்கில் உள்ள பெயரும் அவர்க்கு உதவக்கூடும். ஊர்தோறும் கிளைச்சங்கத்தார், கடல் கடந்த குடும்பங்களின் பெயரைக் கேட்டறிந்து எழுதி வைப்பாராக. பாட்டன் பெயரைக் காட்ட ஒரு தாளில்லாமையால் ஒரு மக்கட்கூட்டம் நாடிழந்தது. அந்தத் தாளை நாமேனும் மறுத்தல் தகாது.