பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில்

அப்பா சுவிசேஷகர். அறுவடை முடிந்த வயல்களில் ஊருக்கு மூன்று ராத்திரி கூட்டம். மாசி பிறந்தால் எங்கள் குடித்தனமே பந்தலுக்குள்தான். தார்ப்பாய், ஜமுக்காளம், ஆர்மோனியப் பெட்டி எல்லாம் மாட்டுவண்டியில் ஏறும். அவற்றின் மேல் நான் தூங்கிக்கொண்டே போவேன்.

விளக்கு என் பொறுப்பு. பெட்ரோமாக்ஸில் புது மேண்டிலைக் கட்டிக் கொளுத்தினால் துணி எரிந்து வெள்ளைச் சாம்பல் வலையாக நிற்கும். விரல் பட்டால் உதிர்ந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு காற்றடிப்பேன். உஸ்ஸென்று வெளிச்சம் வெளுக்கையில் அப்பா கஞ்சிராவைத் தட்டிக் கீர்த்தனையை எடுப்பார்.

இப்படி ஊர் ஊராகப் போய்க் கூட்டம் நடத்துவது திருநெல்வேலிச் சீமைக்குப் பழைய வழக்கம். மிஷனரி ரேனியஸ் ஐயரின் மாணவர் அருளப்பன், மிஷன் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தவர். 1860-இல் அவரைச் சுற்றிக் கிளம்பிய எழுப்புதல் கிராமம் கிராமமாகப் பரவியது. வெள்ளைக்காரர் துணைக்குக் காத்திராமல் நம் ஜனங்களே நடந்துபோய்ச் சொன்னார்கள். எனக்கு அதுதான் பெரிது. 1895-இல் கேரளத்துப் பம்பை ஆற்று மணலில் நடந்த முதல் மாராமன் கன்வென்ஷனில் பிரசங்கித்ததும் நம்மவர்தான், 'தமிழ் டேவிட்' என்ற சுவிசேஷகர்.

அப்பாவின் கூட்டங்களில் காணிக்கைப் பையில் காசு குறைவு. நெல், முருங்கைக்காய், முட்டை என்று வரும். ஜெபம் முடிந்ததும் அங்கேயே ஏலம். ஒரே முட்டையை மூன்று பேர் மாறி மாறி ஏலத்தில் எடுத்து, மறுபடியும் காணிக்கையாகவே வைத்துவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.